ஒல்லியான உடல், நிரம்பிய பத்தாயம்

“அவர் ஒல்லியாத்தானே இருக்கார்? அவருக்கா சுகர்?”

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. தொப்பை பெரிதாக இல்லை. இனிப்பைத் தொடுவதில்லை. குடி, புகை எதுவும் கிடையாது. மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. இருந்தும் நாற்பதைத் தொடுவதற்குள் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறி நிற்கிறது. அதே தெருவில் நூறு கிலோ எடையுள்ள ஒருவர் அறுபது வயதிலும் சர்க்கரை இல்லாமல் நடமாடுகிறார். குண்டானவருக்குத்தான் சுகர் வரும் என்று கேட்டு வளர்ந்த விதி இந்த இரண்டு பேரிடமும் செல்லுபடியாகவில்லை.

இது ஓரிருவரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மேலும் 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நோயாளிகள் மட்டுமே பத்துக் கோடிக்கு மேல். இவர்களில் பலர், மேற்கத்திய அளவுகோலில் எடை கூடியவர்களே அல்லர்.

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறை குறியீட்டெண். ஆஸ்பத்திரியில் பி.எம்.ஐ. என்பார்கள். அது 30-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்பது உலக அளவிலான வழக்கம். இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளையருக்கு 30-இல் இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்து தெற்காசியருக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 23.9 என்றால் 65 கிலோ. அவரைப் பார்த்து யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியென்றால் எடை காட்டும் முள்ளுக்குத் தெரியாத எதுவோ உடலுக்குள் நடக்கிறது. அதைத் தேடுவதே இந்த அத்தியாயம்.

இரண்டு மருத்துவர்கள், ஒரே எண்

2004-இல் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழ் ஒரு படத்தைச் சிறு குறிப்போடு வெளியிட்டது. அதில் இரண்டு பேர் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு நிபுணர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. எந்த மருத்துவர் பார்த்தாலும் “சரியான எடை” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இருவரையும் ஊடுகதிர்க் கருவியில் படுக்கவைத்து உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். யுட்கினின் உடலில் 9.1 சதவீதம். யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்!

யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக் பிறக்கும்போதே எடை குறைவு. இந்த இரண்டு செய்திகளையும் அவர்களே அந்தக் குறிப்பில் பதிவு செய்தார்கள். ஒன்று நடப்பு வாழ்க்கையைப் பற்றியது, மற்றொன்று பிறப்பைப் பற்றியது. நம் புதிருக்கு விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மொத்த எடை ஒன்றாக இருந்து கொழுப்பு கூடுதலாக இருந்தால், வேறு எதுவோ குறைந்திருக்க வேண்டும். குறைந்திருப்பது பெரும்பாலும் தசை. வெளியில் மெலிவு, உள்ளே கொழுப்பு மிகுதி, தசைக் குறைவு. இப்படிப்பட்ட உடலை இந்த நூலில் ‘ஒல்லிக்கொழுப்பு உடல்’ என்று அழைப்போம்.

ஒரு தட்டுச் சோறு எங்கே போகிறது?

சாப்பாட்டை உடல் எரிபொருளாகவும் கட்டுமானப் பொருளாகவும் மாற்றி, மிச்சத்தைச் சேமித்து, தேவைப்படும்போது எடுத்துச் செலவழிக்கும் வேலை முழுவதற்கும் வளர்சிதை மாற்றம் என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள ஒரு மதியச் சாப்பாட்டைப் பின்தொடர்ந்தால் போதும்.

தட்டில் 300 கிராம் சோறு. நம் வீடுகளில் இது பெரிய அளவில்லை. இதில் ஏறக்குறைய 85 கிராம் மாவுச்சத்து. குடலில் செரித்ததும் அது கிட்டத்தட்ட முழுக்கவும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையாகி ரத்தத்துக்குள் வரும்.

இப்போது ரத்தத்தைப் பாருங்கள். வயது வந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஆரோக்கியமானவருக்கு வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் சர்க்கரை. பெருக்கிப் பார்த்தால், மொத்த ரத்தத்திலும் ஓடும் சர்க்கரை வெறும் 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவு! அந்த 5 கிராம் ஓடும் இடத்துக்கு 85 கிராம் வந்து சேர்கிறது. எல்லாம் ரத்தத்திலேயே தங்கினால் சர்க்கரை அளவு 1,700-ஐத் தாண்டிவிடும். ஆனால் ஆரோக்கியமானவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அது 140-க்குள் அடங்கிவிடுகிறது. வந்த சர்க்கரையை உடல் வந்த வேகத்திலேயே எங்கோ அனுப்பிவிட்டது என்று அர்த்தம்.

எங்கே? மூளை ஒரு மணி நேரத்துக்கு 5 கிராம் போல எடுத்துக்கொள்ளும். கல்லீரல் ஒரு பங்கை வாங்கி வைக்கும். மீதியில் பெரும் பங்கு தசைகளுக்குப் போகும். சர்க்கரையைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துத் தசையும் கல்லீரலும் சேமிக்கும் வடிவம்தான் கிளைக்கோஜன். சராசரி உடலில் கல்லீரல் 100 கிராம் வரையும், எல்லாத் தசைகளும் சேர்ந்து 400 கிராம் வரையும் இப்படிச் சேமிக்க முடியும். இந்தச் சேமிப்பைத் தொடங்கச் சொல்லிக் கணையம் அனுப்பும் ஆணைதான் இன்சுலின்.

இதே சோற்றை இரண்டு பேருக்குப் பரிமாறுவோம். இருவருக்கும் வயது 45, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 60 கிலோ. பி.எம்.ஐ. 22. ஒருவர் காலையிலிருந்து வயலில் வேலை பார்த்தவர். மற்றவர் காலையிலிருந்து மேசை முன்னால் அமர்ந்திருந்தவர். முன்னே பார்த்த இரு மருத்துவர்களின் கொழுப்பு விகிதத்தை இவர்களுக்குப் பொருத்தினால், வயல்காரரின் உடலில் கொழுப்பு 5.5 கிலோ, மேசைக்காரரின் உடலில் 12.7 கிலோ. கொழுப்பாக இருக்கும் அந்த 7 கிலோ வித்தியாசம், வயல்காரரிடம் பெரும்பாலும் தசையாக இருக்கிறது.

வயல்காரரின் தசை அளவில் பெரியது. காலை உழைப்பில் அதிலிருந்த கிளைக்கோஜன் கரைந்திருப்பதால் இடமும் காலியாக இருக்கிறது. வந்த சர்க்கரையை அது தாராளமாக வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் இன்சுலினே போதும்.

மேசைக்காரரின் தசை சிறியது. காலை இட்லியிலிருந்து வந்த சர்க்கரையே இன்னும் செலவாகவில்லை. இன்சுலின் ஆணை வந்தாலும் தசை மந்தமாகவே ஏற்கும். அதனால் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. ஒரே ஆணையை உரக்கச் சொல்ல வேண்டிய இந்த நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. தசை வாங்காத சர்க்கரை கல்லீரலுக்குத் திரும்புகிறது. அங்கே கிளைக்கோஜனுக்கான இடம் நிரம்பியதும், மீதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது.

இதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மனின் குழு 2007-இல் நேரடியாக அளந்து காட்டியது. அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நோயாளிகள் அல்லர். எல்லோரும் ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்கள். ஒரு பாதிப்பேருக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது, மறு பாதிக்கு எதிர்ப்பு இருந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் தசையில் கிளைக்கோஜன் சேமிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களின் கல்லீரல் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பை உருவாக்கியிருந்தது. இரு தரப்பினருக்கும் வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு ஒரே அளவுதான். ஆக, கோளாறு தொப்பையில் தொடங்கவில்லை, தசையில்தான் தொடங்கியிருக்கிறது. இனிப்பே தொடாதவருக்கும் ரத்தத்தில் கொழுப்பு கூடுவது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சாப்பிட்டது சோறுதான். அதைக் கொழுப்பாக மாற்றியது கல்லீரல்.

பத்தாயம் நிரம்பினால்

கொழுப்பு என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். தோலுக்கு அடியில், இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு உடலின் பத்தாயம். அறுவடை நெல் பத்தாயத்துக்குள் இருக்கும்வரை வீட்டுக்குப் பாதுகாப்பு. பத்தாயம் நிரம்பி நெல்லைக் கூடத்திலும் அடுக்களையிலும் கிணற்றடியிலும் கொட்டினால் வீட்டில் யாரும் எந்த வேலையும் செய்ய முடியாது.

உடலிலும் அதுவே நடக்கிறது. தோலடிக் கொழுப்புத் திசு நிரம்பியதும், மீதிக் கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும், கணையத்துக்குள்ளும் போய்த் தங்குகிறது. இதை இடம் மாறிய கொழுப்பு என்போம். ஒவ்வோர் இடத்திலும் அது ஒவ்வொரு வேலையைக் கெடுக்கும். தசைக்குள் புகுந்த கொழுப்பு இன்சுலினின் ஆணையை இன்னும் மழுங்கடிக்கும். கல்லீரலுக்குள் புகுந்தால், இரவில் நாம் தூங்கும்போது கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் காலையில் பார்த்தாலும் சர்க்கரை கூடி நிற்பது இதனால்தான். கணையத்துக்குள் புகுந்தால், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்ந்துபோகும்.

ஒவ்வொருவரின் பத்தாயமும் ஒரே அளவு இல்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லர் இதைத் தனிநபர் கொழுப்பு வரம்பு என்று விளக்கினார். ஒருவர் 100 கிலோவிலும் தன் வரம்புக்குள் இருக்கலாம். இன்னொருவர் 62 கிலோவிலேயே வரம்பைத் தாண்டிவிடலாம். நூறு கிலோக்காரருக்கு வராத சர்க்கரை ஒல்லியானவருக்கு வந்தது இப்படித்தான். பெரிய பத்தாயம் உள்ளவரிடம் இன்னும் இடம் மிச்சமிருந்தது. சிறிய பத்தாயம் உள்ளவரிடம் அது என்றோ நிரம்பிவிட்டது.

அளவு முடிவாகும் இடம்

பத்தாயத்தின் அளவையும் தசையின் அளவையும் தீர்மானிப்பது எது? மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் கதையின் பெரிய பகுதி கருப்பையில் எழுதப்படுகிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகர மருத்துவர் டேவிட் பார்க்கர், ஹார்ட்ஃபோர்டுஷர் மாவட்டத்தில் 1911 முதல் தாதியர் எழுதிவைத்த குழந்தைப் பிறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பிடித்தார். அந்தக் குழந்தைகள் அறுபதைத் தாண்டிய பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார். எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோயும் சர்க்கரை நோயும் கூடுதலாக இருந்தன. 1992-இல் அவரும் நிக்கலஸ் ஹேல்ஸும் ஒரு விளக்கம் தந்தார்கள். தாய்க்கு உணவு போதாதபோது கரு, இருப்பதை மூளைக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, தசையையும் கணையத்தையும் சிக்கனமாகக் கட்டுகிறது. பிறந்த பின்னும் பஞ்சம் தொடர்ந்தால் அந்தச் சிக்கனம் உதவும். சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் அதுவே வினையாகும்.

யாக்னிக் இந்தக் கேள்வியைப் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு எடுத்துச் சென்றார். 1993-இல் தொடங்கிய அந்த ஆய்வில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரி 3.5 கிலோ. கிராமத்துக் குழந்தைகளிடம் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. முதுகுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லிக்கொழுப்பு உடல் நாற்பது வயதில் மேசை முன்னால் உருவாவது மட்டுமில்லை. பிறந்த நாளிலேயே அதன் சாயல் இருக்கிறது.

டெல்லியில் பிறந்த 1,492 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2004-இல் அடுத்த கட்டத்தைக் காட்டியது. இளைஞர்களான பிறகு சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள், முதல் இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். அதன் பிறகு வேகமாக எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்கள் குண்டுப் பிள்ளைகள் அல்லர். முதலில் குறைவு, பின்னால் வேகமான ஏற்றம் என்ற அந்த வரிசைதான் ஆபத்தாக முடிந்தது.

தொடக்க காலத்து உணவின் வலிமைக்கு இன்னொரு சான்று பிரிட்டனில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே சர்க்கரைக்குக் கொண்டுவந்த ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. முடிந்ததும் மக்கள் சாப்பிடும் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கருவில் இருந்தபோதும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தில் வளர்ந்தவர்களையும், அதற்குச் சற்றுப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரேஷன் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் ஆபத்து சுமார் 35 சதவீதமும், ரத்தக் கொதிப்பு ஆபத்து சுமார் 20 சதவீதமும் குறைவு. முதல் ஆயிரம் நாட்களின் உணவு அறுபது வயதின் உடலில் தெரிகிறது.

சர்க்கரையும் முதுமையும்

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் என்ன? உடனே வலிக்காது. பல ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் இது கொடுமையான நோய்.

சர்க்கரை, தான் தொடும் புரதங்களில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் அது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான், “மூணு மாச சுகர்” என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அந்த மூன்று மாதக் கணக்கு. ஆனால் சிவப்பணு போனால் புதிது வரும். கண்ணின் லென்ஸில் உள்ள புரதம் ஆயுள் முழுக்க மாறாது. ரத்தக் குழாய்ச் சுவரிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் புதுப்பிக்கப்படப் பல ஆண்டுகளாகும். அவற்றில் சர்க்கரை ஒட்டி, புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைத்துப்போகின்றன. கண்புரை, விறைத்த ரத்தக் குழாய், மடக்க முடியாத தோள்பட்டை எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

இது சர்க்கரை நோயாளிக்கு மட்டும் நடப்பதில்லை. வயதாக ஆக எல்லோருக்கும் மெல்ல நடக்கிறது. சர்க்கரை கூடினால் அதே வேலை வேகமாக நடக்கும். எழுபதில் வர வேண்டிய முதுமை ஐம்பதில் வருகிறது.

கூடவே வருபவை வேறு. கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கச் செய்யும், ரத்த அழுத்தம் ஏறும். கல்லீரல் அனுப்பும் கொழுப்பு ரத்தக் குழாய்களில் படியும். கல்லீரலிலேயே தங்கினால் ஃபேட்டி லிவர். சர்க்கரை, கொதிப்பு, ரத்தக் கொழுப்பு ஆகியவை ஒருவரிடமே கூட்டாக வருவதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-இல் எடுத்துக்காட்டி, இவற்றின் வேர் இன்சுலின் எதிர்ப்பு என்றார். ஒரே வீட்டில் ஒருவருக்கே மூன்று டப்பா மாத்திரை இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று தனித்தனி நோய்கள் இல்லை.

எடை மாறாத முதுமை ஏமாற்றும்

முப்பதைத் தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடும். “இருபது வருஷமா அதே எடைதான்” என்று பெருமைப்படுபவர் உடலில் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கலாம். தராசு அதைச் சொல்லாது. முப்பதில் சாப்பிட்ட அதே 300 கிராம் சோறு, அறுபதில் வாங்கிக்கொள்ளத் தசை இல்லாமல் ரத்தத்தில் அலைகிறது.

இங்கே நம் நிலை கூடுதல் நெருக்கடி. பிறப்பிலேயே தசை குறைவு. வளரும் வயதில் புரதம் குறைவு. நடுவயதில் உடலுழைப்பு குறைவு. மூன்று குறைகளும் முதுமையில் ஒன்று சேர்கின்றன. ஆரோக்கியமான முதுமை என்றால் என்னவென்று என்னைக் கேட்டால், வரும் சாப்பாட்டை ஏற்கும் கொள்ளளவை உடல் இழக்காமல் இருப்பது என்றே சொல்வேன். அந்தக் கொள்ளளவின் பெரும் பகுதி தசை.

கரைந்த தசை மீளுமா? பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழு, முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990-இல் வெளியான அந்த முடிவு, வயதாகிவிட்டது என்ற சாக்கை மருத்துவத்திலிருந்து அகற்றியது. தொண்ணூறில் முடிந்தது அறுபதில் முடியாதா?

திரும்பி வரும் வழி

சர்க்கரை நோய் வந்தால் போகாது என்பது நீண்ட கால நம்பிக்கை. ராய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்திய ஆய்வு அதை அசைத்தது. நோய் வந்து ஆறாண்டுக்கு மேல் ஆகாதவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் எல்லைக்கு வெளியே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் கொட்டிக் கிடந்த கொழுப்பு வெளியேறியதும் பல பீட்டா செல்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பின.

அவர்கள் பருமனானவர்கள். ஒல்லியானவர்களுக்கும் இது பொருந்துமா? பி.எம்.ஐ. 27-க்குள் இருந்த 20 நோயாளிகளை டெய்லர் அடுத்ததாக அழைத்தார். அவர்களில் 14 பேருக்கு நோய் தணிந்தது. அதற்குப் பெரிய எடைக்குறைப்பு தேவைப்படவில்லை. சுமார் 6.5 சதவீதம், அதாவது 65 கிலோக்காரருக்கு நாலு கிலோ சொச்சம் போதுமாக இருந்தது. வரம்பைச் சற்றே தாண்டியவர், சற்றே இறங்கினால் வரம்புக்குள் வந்துவிடுகிறார்.

நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு நம் சென்னையிலேயே வழி காட்டியிருக்கிறார்கள். ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களிடம், மூன்றாண்டில் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தந்த பலன் 26.4 சதவீதம். கவனிக்க வேண்டியது இதுதான்: வாழ்க்கைமுறையை மாற்றியவர்களின் எடை ஏறக்குறைய மாறவே இல்லை. எடை இறங்காமலே உடலின் உள்ளே நிலைமை சீரடைந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய இதே போன்ற முயற்சியை முப்பதாண்டு பின்தொடர்ந்தார்கள். ஆறாண்டு மட்டும் கடைப்பிடித்த மாற்றம், நோயைச் சராசரியாக நான்காண்டு தள்ளிப்போட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைத்து ஆயுளையும் ஒன்றரை ஆண்டுக்கு நெருக்கமாக நீட்டியது.

தட்டில் என்ன மாற்றுவது?

பசியைத் துரத்திய அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். சிக்கல் அளவில் இருக்கிறது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் வெளியான தேசிய ஆய்வு காட்டியது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ராத்திரி சோறு போய் நாலு சப்பாத்தி வந்தால் கணக்கு மாறாது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் என்று புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறையும் என்று அதன் கணக்கு காட்டியது.

நம் உதாரணத்துக்கே வருவோம். 300 கிராம் சோற்றை 200 ஆக்கினால் மாவுச்சத்து 85 கிராமிலிருந்து சுமார் 57 ஆகிறது. காலியான இடத்தில் கெட்டிப் பருப்பும் சுண்டலும் முட்டையும், மீன் சாப்பிடுபவருக்கு மீனும், நிறையக் கீரையும் வரட்டும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். அசையும் தசை, இன்சுலினின் ஆணைக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். யேல் குழு 2011-இல், இன்சுலின் எதிர்ப்புள்ள அதே வகை இளைஞர்களை ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்யவைத்தது. தசையின் கிளைக்கோஜன் சேமிப்பு மூன்று மடங்கானது, கல்லீரல் கொழுப்பு உருவாக்குவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஒரு நாள் உழைப்புக்கே இவ்வளவு பலன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒல்லியானவரின் சர்க்கரை நோய் எல்லாம் இந்த வகை ஆகாது. எடை தானாகக் குறைந்துகொண்டே போனால், அது இன்சுலின் அடியோடு குறையும் முதல் வகையாக இருக்கலாம். சிறு வயதிலிருந்து ஊட்டமின்றி வளர்ந்தவர்களுக்கு வரும் தனி வகை ஒன்றும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் ஆராய்ந்த அந்த வகையை, சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் ஐந்தாம் வகை என்று ஏற்றது. இவர்கள் உணவைக் குறைத்தால் ஆபத்து. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம்.

யாருடைய பொறுப்பு?

சர்க்கரை நோய் வந்தவரைப் பார்த்து “வாயைக் கட்டவில்லை” என்று குறை சொல்வது எளிது. இந்த அத்தியாயம் அதை ஏற்கவில்லை. தசையும் கணையமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய தாய் என்ன சாப்பிட்டார், அந்தத் தாய் சிறுமியாக இருந்தபோது அவருக்கு என்ன கிடைத்தது என்பது வரை அந்தக் கணக்கு பின்னோக்கிப் போகிறது.

அதனால் வேலையும் பல கைகளில் இருக்கிறது. முப்பதைத் தாண்டிய யாரும், எடையைப் பார்த்து ஏமாறாமல், இடுப்பை அளந்து பார்க்கட்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நம்மவர்க்கான எல்லை. ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அறுபதைத் தாண்டியவர்கள் நடையோடு நிறுத்தாமல் வலிமைப் பயிற்சியும் செய்யட்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம்.

மீதி சமூகத்தின் வேலை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடும் பெண், சோறும் குழம்பும்தான் சாப்பிடுகிறாள். பருப்பும் முட்டையும் அவளுக்கு மிஞ்சுவதில்லை. பள்ளிச் சத்துணவில் வரும் முட்டை, அங்கன்வாடிச் சத்துமாவு, கர்ப்பிணிக்கான ஊட்டச்சத்துப் பெட்டகம் இவையெல்லாம் பசி தீர்க்கும் திட்டங்கள் மட்டும் இல்லை. ஒரு தலைமுறைக்கு அப்பால் பிறக்கப்போகும் உடலின் கொள்ளளவை அவை கட்டுகின்றன. அந்தச் செலவில் ஒரு ரூபாய் குறைத்தாலும், அதற்கான விலையை நாற்பது ஆண்டு கழித்து டயாலிசிஸ் பிரிவிலும் இதய அறுவை அரங்கிலும் நாம் கொடுத்தாக வேண்டும்.